நேராகச் சுடுகிற துவக்கு

ஒக்டோபர் 5, சனி

துவக்கு வாங்கப் போகிறேன். தூரத்தில் நிற்கிற மானைப் பிசகாமல் சுடுகிற வேட்டைத் துவக்கு. எப்படித் தெரிந்தெடுத்தேன் என்று எழுதி வைத்தால் பின்னால் வருகிற தமிழர்களுக்கு உதவும். அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

காரணம் லாயிட். நான் இந்த அல்பேர்ட்டா மாகாணத்தில் பால் பவுசர் லொறி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு ஆலைக்குக் கொண்டுபோவது வேலை. லாயிட் அந்த வழியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற கிழவன். அவனுடைய மகன் கானரும் என் மகள் துஷாந்தியும் வருகிற மே மாதம் கல்யாணம் செய்யப் போகிறார்கள். லாயிட் குடும்பத்தில் ஒரு வழக்கமாம். கல்யாணத்துக்கு முந்திய நவம்பரில் இரண்டு தகப்பன்மாரும் ஒன்றாக மான் வேட்டைக்குப் போக வேண்டும். முதல் வெடி பெண்ணின் தகப்பனுக்கு.

இன்று பால் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னான். "வன்னியில் ஐந்நூறு யார் தூரத்தில் மான் சுட்டவன் அல்லவா நீ. உனக்கு இதெல்லாம் விளையாட்டு" என்றும் சொன்னான்.

அது நிச்சயதார்த்தத்தன்று மூன்றாவது கிளாசுக்குப் பிறகு நான் சொன்னது. வன்னி உண்மை. மானும் உண்மை, அங்கே மான் இருந்தது. மற்றதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி இந்திராணி தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அங்க துவக்கைக் கண்டு பங்கருக்குள்ள ஒளிச்ச ஆள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கப்போறியளோ?"

தோசை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

கம்பனியிலிருந்தும் ஒரு செய்தி. நவம்பர் பதினைந்துக்குள் கண் சோதனை செய்து காட்டாவிட்டால் பவுசர் சாவி கிடையாது. பார்ப்போம். முதலில் துவக்கு.

ஒக்டோபர் 8, செவ்வாய்

அந்த ஐந்நூறு யார் கதையை யாரும் கிளறினால் என்று, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடே துவக்குப் பரீட்சை பாஸ் பண்ணி லைசென்சும் எடுத்து வைத்திருந்தேன். இப்போது இணையத்தில் படிக்கிறேன். குழல் நீளமா கட்டையா, தோட்டா பாரமா இலேசா, விசை எத்தனை மெதுவாக இழுபட வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறான்கள். துஷாந்திக்கு மாப்பிள்ளை பார்க்க நினைத்திருந்தால்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டேன். அவள் தானே பார்த்துக்கொண்டாள், அது வேறு கதை.

எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று. இந்தக் காலத்துத் துவக்குகள் அநேகமாக எல்லாமே நேராகத்தான் சுடும். பிசகினால் பிழை சுடுகிறவனில் என்கிறார்கள். வியாபாரிகளின் கதை இது. நம்பக்கூடாது.

ஒக்டோபர் 12, சனி

ராகு காலம் கழிந்த பிறகுதான் கடைக்குப் போகலாம் என்று இந்திராணி உத்தரவு. துவக்கு வேண்டாம் என்பவளுக்கு அதை நல்ல நேரத்தில் வாங்க வேண்டும் என்பதும் கட்டாயம்.

கடைக்காரன் பெயர் கிளென். கடைக்குப் பின்னால் அவனுடைய சுடுதிடல். பழைய துவக்கை வாங்கிக்கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்கலாம், சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுக்கலாம். மனைவிமாருக்கும் கணவன்மாருக்கும் இந்த வசதி இல்லை.

பெரிதாக ஒன்றைக் காட்டச் சொன்னேன். முந்நூறு மாக்னம் என்கிற பெரிய ரகத்தை எடுத்தான். மேலே, தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப் பூட்டியிருந்தது. "இது தோளை உதைக்கும். மானுக்கு இவ்வளவு தேவையில்லை" என்றான். ஐந்நூறு யாரில் சுட்டவனிடம் இப்படிப் பேசுகிறான்! வாங்கிவிட்டேன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

துவக்குக்குப் பூசை.

"காருக்கு வச்சனாங்கள், வீட்டுக்கு வச்சனாங்கள். உதுவும் வீட்டுக்குள்ள வந்திட்டுது. ஆரையும் கடிக்காமல் இருக்கோணுமெல்லோ" என்றாள் இந்திராணி. தேங்காய் உடைத்து, குழலில் மூன்று குறி விபூதி போட்டு, ஸ்கோப்பின் இரண்டு முனையிலும் சந்தனம் வைத்து, சந்தனத்துக்கு மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். நான் கத்துவதற்குள் கற்பூரம் கொளுத்தியாயிற்று.

அரை மணித்தியாலம் துடைத்தேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

இன்று விடுமுறை. திடலுக்குப் போனேன். நூறு யாரில் குறி பார்க்கிற தாள்.

கண்ணை ஸ்கோப்பில் வைத்தால் புகை. அந்தப் புகைக்குள் ஒரு கறுப்புத் துணுக்கு, இலையான் ஈயின் சிறகு மாதிரி. துவக்கை இடப்பக்கம் திருப்பினால் அதுவும் இடப்பக்கம் நீந்துகிறது. வேறென்ன, விபூதியும் குங்குமமும்தான். பூசை வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

இரண்டு தரம் சுட்டேன். என் தாளில் ஓரத்தில் ஒரு ஓட்டை. பக்கத்து மனுஷனின் தாளில் நடுவில் ஒன்று. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

சரியாகத் தெரிய வேண்டும் என்று முகத்தை ஸ்கோப்புக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுபோனேன். அடுத்த வெடியில் ஸ்கோப் பின்னுக்கு வந்து வலப் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கன்னத்தில் வழிகிறது. கிளென் ஓடிவந்து துணி கட்டினான்.

"ஏன் இப்படி ஸ்கோப்புக்குள் ஏறிப் போகிறாய்? தள்ளி இருந்தாலே முழுப் படமும் தெரியுமே" என்றான். பிறகு ஸ்கோப்பைக் கழற்றி, ஊதி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னான்.

வெள்ளைக்காரனுக்குக் குங்குமத்தைப் பற்றி என்ன தெரியும்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

புருவத்தில் என்ன காயம் என்று ஆலையில் கேட்டார்கள். மாடு உதைத்தது என்றேன்.

ஒக்டோபர் 19, சனி

மாக்னத்தைக் கொடுத்துவிட்டு முந்நூற்றெட்டு என்கிற நடுத்தர ரகத்தை எடுத்தேன். இதற்குப் பூசை இல்லை. வீட்டுக்கே கொண்டுபோகவில்லை, நேரே திடல்.

துணுக்கு அதிலும் இருக்கிறது. இந்திராணி காலையில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். அவளுடைய விரலில் ஒட்டியிருந்த குங்குமம் என் கைக்கும், என் கையிலிருந்து கண்ணாடிக்கும் போயிருக்க வேண்டும்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

லாயிட்டின் பாதை முனையில் தபால் பெட்டி மறுபடியும் சரிந்து கிடக்கிறது. நான் பவுசரை வலப்பக்கம் வெட்டித் திருப்புகிற இடத்தில் நின்றது. செப்டெம்பரிலும் ஒருமுறை விழுந்தது. காற்றுத்தான் என்று லாயிட்டிடம் சொன்னேன். அவன் மரக்குற்றியைப் பார்த்தான், பவுசரின் பின் சில்லைப் பார்த்தான், "பெரிய காற்று" என்றான்.

பவுசரின் வலப்பக்கக் கண்ணாடியையும் எவனோ இடித்துவிட்டுப் போயிருக்கிறான். நாடு கெட்டுப்போய்விட்டது.

ஒக்டோபர் 24, வியாழன்

கண் சோதனை அட்டை இணையத்தில் கிடக்கிறது. மேலிருந்து எட்டு வரியையும் பாடமாக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பாடமாக்கியிருந்தால் இன்றைக்கு நான் டொக்டர்.

ஒக்டோபர் 26, சனி

மூன்றாவது துவக்கு. ஆறரை மில்லிமீற்றர், ஒல்லி, நீளக் குழல். கிளெனின் சொந்தத் துவக்கு இது. கடையை விட்டு வெளியே போகாதது. ஒரு அங்குலத்துக்குள் ஐந்து வெடியும் விழும் என்று சத்தியம் செய்தான்.

அதிலும் துணுக்கு! இந்த ஸ்கோப்புகள் எல்லாவற்றுக்கும் கண்ணாடி ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகிறதுபோல. யாராவது எழுதிப்போட வேண்டும்.

துஷாந்தியும் வந்திருந்தாள், வேடிக்கை பார்க்க.

"அப்பா, நான் ஒருக்கா சுடட்டே?"

கொடுத்தேன். வாழ்க்கையில் துவக்கைத் தொடாத பிள்ளை. மூன்று வெடி. மூன்றும் ஒரு பிஸ்கற்றால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. கிளென் கைதட்டினான்.

"துணுக்கு ஒண்டு மிதக்குதெல்லே, அதை எப்பிடிச் சமாளிச்சனி?" என்று கேட்டேன்.

"என்ன துணுக்கு?"

"கறுப்பா, நூல் மாதிரி."

அவள் திரும்பவும் குனிந்து பார்த்தாள். பிறகு துவக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குச் சீனி வருத்தம். ரெண்டு வருசமாக் கண் காட்டேல்லை. ஒருக்கா டொக்டரிட்டப் போவமே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திடல் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். முப்பது வருசம் லொறி ஓட்டின கண் இது என்றேன். என் சாவியைப் பிடுங்கிவிட்டு வீட்டில் குந்தவைக்கப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டேன். சாவியைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் துவக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 29, செவ்வாய்

லாயிட் தபால் பெட்டியைத் தெருவின் எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் நட்டிருக்கிறான். முழங்கால் நோவோடு தினமும் தெருவைக் கடந்துபோய்க் கடிதம் எடுக்கிறான். பெண்சாதி மார்லீன் செத்த பிறகு மனுஷனுக்கு மூளை கொஞ்சம் தட்டிவிட்டது.

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. எனக்கும் சேர்த்து வீட்டில் மரக்கறிதான்.

"இந்த முறை என்ன நேர்த்தி?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான்."

"என்ர குறி தப்பக் கூடாதெண்டோ?"

"உங்கட வாய் குறையவேணுமெண்டு" என்றாள். ஆனால் முகம் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை என் இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் வைக்கிறாள். வலப்பக்கம் வைத்ததை நான் இரண்டு தரம் தட்டி ஊற்றிவிட்டேன், அதனால் இருக்கலாம்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒருவழியாக மான் அடித்துவிட்டேன். பவுசரால்.

இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. காலை எட்டு மணி, நல்ல வெளிச்சம். லாயிட்டின் பாதைக்குள் வலப்பக்கம் திருப்புகிறேன். ஒரு சத்தம், அரிசி மூட்டை விழுகிற மாதிரி. பிறேக் பிடித்தேன். பவுசர் வழுக்கிக்கொண்டுபோய்த் தெருவோரக் கானுக்குள் வலச் சில்லை இறக்கிவிட்டு நின்றது. பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் பெண் மான், கழுத்து முறிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது.

லாயிட் டிராக்டரில் வந்தான்.

"திடீரென்று பாய்ந்தது" என்றேன்.

அவன் குனிந்து பனியைப் பார்த்துக்கொண்டு நடந்தான். வேட்டைக்காரன் பார்க்கிற மாதிரி. நானும் பார்த்தேன். மரங்களுக்குள்ளிருந்து குளம்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. ஒரு அடிகூடச் சிதறவில்லை. தெரு ஓரத்தில் ஓரிடத்தில் பனி மிதிபட்டுக் குழம்பியிருந்தது. அங்கே அது கனநேரம் நின்றிருக்கிறது, கிளை கிளையாகக் கொறித்திருக்கிறது. அங்கிருந்து வேறு எங்கும் அடி போகவில்லை. முன்பு தபால் பெட்டி நின்ற இடம் அது.

நான் அதைப் பார்க்கவே இல்லை. திறந்த வெளியில், வெள்ளைப் பனியில், கன்றுக்குட்டி உயரத்தில் நின்ற ஒன்றை நான் பார்க்கவில்லை.

"ஆம், மான்கள் பாயும்" என்றான் லாயிட். பிறகு சங்கிலியை எடுத்துப் பவுசரில் கொளுவினான்.

பவுசர் திருத்துமிடத்தில். திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். இந்திராணியிடம், மான் பாய்ந்தது என்றேன். கொப்பியிலாவது பொய் எழுதக்கூடாது.

நவம்பர் 6, புதன்

நித்திரை இல்லை.

நவம்பர் 7, வியாழன்

சூரன்போர். கோயிலில் அம்மாம்பெரிய சூரனின் தலை போவதை எல்லாரும் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய்ப் புகை கண்ணை எரிக்கிறது என்று நான் வெளியே போய் நின்றேன்.

நவம்பர் 9, சனி

காலையில் லாயிட் வாசலில் வந்து நின்றான். கையில் துணியில் சுற்றிய துவக்கு.

"மார்லீனுடையது. அடுத்த சனிக்கிழமை வேட்டைக்கு உனக்கு ஒன்று வேண்டுமே. சுட்டுப் பார்."

எடுத்துப் பார்த்தால் தோட்டா ஏற்றி இழுக்கிற பூட்டு இடப்பக்கம் இருக்கிறது. இடது கைக்காரர்களுக்குச் செய்த துவக்கு.

"நான் வலது கை" என்றேன்.

"கையைப் பற்றி நான் கேட்கவில்லை" என்றான்.

கிளெனின் திடலுக்குக் கூட்டிப்போனான். இடது தோளில் வைப்பது மாற்றான் செருப்பைப் போட்ட மாதிரி இருந்தது. லாயிட் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "வலது கண்ணை மூடு" என்றான். மூடினேன். இடது கண்ணை ஸ்கோப்பில் வைத்தேன்.

புகை இல்லை. துணுக்கு இல்லை. தாளின் நடுவில் இருந்த கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் போயிருந்த கோடு, யாரோ முந்திச் சுட்ட ஓட்டையின் கிழிந்த ஓரம்கூடத் தெரிந்தது. இவ்வளவும் இவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கின்றன.

சுட்டேன். நடுவுக்கு இரண்டு விரல் தள்ளி. மறுபடியும் சுட்டேன். அதற்குப் பக்கத்தில்.

பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் லாயிட்டைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒன்று இருந்தது. அதில் அந்த இலையான் சிறகு நீந்திக்கொண்டிருந்தது.

பயந்துபோனேன். ஷெல் விழுந்த நாட்களில்கூட ஓடத் தெரிந்திருந்தது. இது எனக்குள்ளேயே இருக்கிறது, எங்கே ஓடுவது?

"நல்ல துவக்கு" என்றேன்.

"எல்லாமே நல்ல துவக்குகள்தான்" என்றான் லாயிட்.

நவம்பர் 10, ஞாயிறு

இந்திராணிக்குச் சொன்னேன். குசினியில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்" என்றாள்.

"எப்ப தொட்டு?"

"ஆவணியில இருந்து. மாவிளக்கு வைக்கேக்க நெய்யைத் தட்டத்துக்கு வெளியில விட்டியள்." வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "கேட்டால் குலைப்பியள். அதுதான் முருகனிட்டச் சொன்னனான்."

கம்பனிக்குப் போன் எடுத்தேன். நாளைக்குப் பவுசர் எடுக்க மாட்டேன், கண் தெரியவில்லை என்றேன். இரண்டு சொல்தான். முப்பது வருசம் ஓட்டினதை முடிக்க இரண்டு சொல் போதுமாயிருந்தது. சாவியைத் துஷாந்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "சொறி அப்பா" என்றாள். நான்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

கண் டொக்டர் அட்டையைக் காட்டவே இல்லை. பாடமாக்கின எட்டு வரியும் வீண். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நேரே உள்ளே பார்த்துவிட்டார்.

சீனியால் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. கனநாளாகக் கசிகிறது. ஊசி போடலாம், பார்வை கொஞ்சம் திரும்பலாம், முழுக்கத் திரும்பாது. இனிப் பெரிய வாகனம் ஓட்ட முடியாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறதாம். ஆனால் அதைக் காப்பாற்றலாம். "இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன். நான் கத்தியது வெளியே கேட்டதாக இந்திராணி சொல்வது பொய்.

நவம்பர் 16, சனி

இந்திராணி கார் ஓட்டிக்கொண்டு வந்து லாயிட்டின் பாதை முனையில் விட்டாள். மாட்டு வண்டி முந்திப்போகிற வேகம். இனிமேல் என் சாரதி அவள்தான், பகைக்கக் கூடாது. டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இடது தோளில் வைத்து ஒரு வெடி, அதற்கு மேல் இல்லை என்றார்.

லாயிட்டும் நானும் வயல் ஓரத்தில் பனியில் படுத்துக் கிடந்தோம். விறைத்துப்போய் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். கனநேரத்துக்குப் பிறகு மரங்களுக்குள்ளிருந்து ஒரு கொம்பன் மான் வெளியே வந்தது. நூற்றைம்பது யார் இருக்கும்.

"லாயிட், வன்னியில் நான் டோர்ச் பிடித்தவன். சுட்டது என் மாமா. அதுவும் முயல்" என்றேன்.

"தெரியும். நிச்சயதார்த்தத்தன்றே உன் மகள் சொல்லிவிட்டாள். முதல் வெடி உன்னுடையது, பேசாமல் சுடு."

வலது கண்ணை மூடினேன். இனி அதை மூடுவதில் நட்டமில்லை. கொம்பன் தலையை நிமிர்த்தி நின்றது, மூச்சு வெள்ளையாகப் போனது, காதோர மயிர் தெரிந்தது. சுட்டேன். விழுந்தது. அங்கேயே, அடி எடுத்து வைக்காமல். சந்தோஷம் வந்தது, பாவமாயும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

இறைச்சியில் பாதி எனக்கு. இந்திராணி கறித்தூளோடு காத்திருக்கிறாள். சஷ்டி முடிந்துவிட்டது, முருகன் ஒன்றும் நினைக்க மாட்டார்.

திரும்பி வரும்போது பாதை முனையில் அவளுக்காகக் காத்து நின்றோம். லாயிட் நொண்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய்க் கடிதங்களை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தான். மான் செத்த இடத்தில் நின்றுகொண்டு, பனி வருகிற வேளையில் பெட்டியை ஏன் அங்கே கொண்டுபோய் நட்டாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. மார்லீன் செத்து மூன்று வருசம். பெட்டியை மாற்றியது போன மாதம், என் பவுசர் அதை இரண்டாம் முறை சாய்த்த பிறகு.

"திங்கட்கிழமை நீ பவுசரை எடுத்திருந்தால் கம்பனிக்கு நானே போன் பண்ணியிருப்பேன்" என்றான். "மான் செத்த அன்றே பண்ணியிருக்க வேண்டும். பவுசர் திருத்துமிடத்தில் நின்றது, அதனால் உனக்குத் திங்கள்வரை விட்டேன்."

"பெட்டியை ஏன் மாற்றினாய் என்றுதான் கேட்டேன்."

அவன் கடிதங்களைச் சட்டைப் பைக்குள் செருகினான். தூரத்தில் இந்திராணியின் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் காற்றுக் குறைவு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இடது கண் மட்டும் இல்லை, வலதும் அழுதது. பார்க்கத் தெரியாவிட்டாலும் அதற்கு அந்த வேலையாவது தெரிகிறது.